துணை இருந்தவரை தெரியாதவை

எங்கள் இரண்டு நாய்களில் ராணி இறந்தபின், பீமன் கதவின் தவறான பக்கத்தில் நிற்கத் தொடங்கினான். எங்கள் தோட்டத்துக் கதவு வலப்பக்கம் திறக்கும். அவனோ கீல் இருக்கும் இடது ஓரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு காத்திருப்பான். கதவை அகலத் திறந்துவிட்டாலும் அங்கேயே நிற்பான். 13 வயது லாப்ரடார். அந்தக் கதவு வழியாகப் போய்வராத நாளே அவன் வாழ்வில் கிடையாது.

வேறு சிலவும் சேர்ந்துகொண்டன. ராணியின் மெத்தையில் போய்ப் படுத்தான். அவள் இருந்தவரை அதன் ஓரத்தைக்கூட மிதித்ததில்லை. சோற்றைப் பாதியில் விட்டுவிட்டுச் சமையலறையைச் சுற்றிச்சுற்றி வந்தான். மாலையில் என் கார் வந்து நின்றால் ஓடிவருகிற வழக்கம் நின்றுபோனது. நடுநிசியில் எழுந்து சுவரைப் பார்த்துக் குரைத்தான். நாங்கள் இருக்கும் சிட்னிப் புறநகரான டூங்காபியில் வீடுகள் நெருக்கமானவை. ஓயாமல் குரைக்கும் நாயைப் பற்றி யாராவது புகார் கொடுத்தால், நியூ சவுத் வேல்ஸின் 1998-ஆம் ஆண்டு வளர்ப்புப் பிராணிகள் சட்டப்படி கவுன்சில் தலையிடலாம். எங்கள் பக்கத்து வீட்டார் அப்படிச் செய்யவில்லை. ராணி போனது அவர்களுக்கும் தெரியும்.

பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் ஒன்றையே சொன்னார்கள்: "பாவம், ஏங்கிப்போயிட்டான்."

நாய்க்குத் துக்கம் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஜெசிகா வாக்கர், நடாலி வாரன், கிளைவ் ஃபிலிப்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள், துணைப் பிராணியை இழந்த 159 நாய்களையும் 152 பூனைகளையும் பற்றி ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் விசாரித்து 2016-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாய்களில் சுமார் மூன்றில் ஒன்று சாப்பாட்டைக் குறைத்திருந்தது. ஏறக்குறைய அதே அளவு நாய்கள் கூடுதலாகத் தூங்கின. இறந்த துணைக்குப் பிடித்த இடத்தைத் தேடிப்போவது போன்ற மாற்றங்கள் 60 சதவீத நாய்களிடம் தெரிந்தன. ஒவ்வொரு மாற்றமும், பாதிக்கு மேற்பட்ட பிராணிகளிடம், ஆறு மாதங்களுக்குள் அடங்கிவிட்டது. 2022-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் இரண்டு நாய் வளர்த்து ஒன்றைப் பறிகொடுத்த 426 பேரைக் கேட்டார்கள். 86 சதவீதத்தினர் மிஞ்சிய நாய் மாறிவிட்டது என்றார்கள். இரண்டும் எத்தனை காலம் சேர்ந்திருந்தன என்பதைவிட எப்படிச் சேர்ந்திருந்தன என்பதே அந்த மாற்றத்தோடு அதிகம் பொருந்திவந்தது. வளர்த்தவர் மிகவும் உடைந்துபோன வீடுகளில் நாயின் பயமும் பசியின்மையும் கூடுதலாக இருந்தன.

கடைசியாகச் சொன்னதைத்தான் நான் திரும்பத்திரும்ப யோசிக்கிறேன். இந்த ஆய்வுகள் எல்லாமே வளர்ப்பவர்களைக் கேட்டு எழுதப்பட்டவை. நாய் நம்மைப் பார்த்து வாடுகிறதா, நம் வாட்டத்தை நாம் நாயின்மேல் பார்க்கிறோமா என்பதை முழுக்கப் பிரித்துவிட முடியாது. அழுத கண்ணோடு பார்க்கும்போது வீட்டில் நடக்கும் எல்லாமே அந்தச் சாவின் தொடர்ச்சியாகத்தான் தெரியும்.

சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் இடையே ஹியூம் நெடுஞ்சாலையில் காரில் போகிறவர்களுக்குக் கண்டகாய் ஊருக்கு அருகே உள்ள நாய்ச் சிலையைத் தெரிந்திருக்கும். சாப்பாட்டுப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருக்கும் நாய். மாட்டுவண்டி ஓட்டியான தன் எஜமான் இறந்தபின்னும் அவன் பெட்டியை விட்டு நகராமல் காவலிருந்து உயிர்விட்டது என்பது கதை. உள்ளூர்க் கல்தச்சர் ஃபிராங்க் ருஸ்கோனி வடித்த அந்தச் சிலையை 1932 நவம்பர் 28-இல் பிரதமர் ஜோசப் லயன்ஸ் திறந்துவைத்தார். குழந்தைகளோடு அங்கே இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளாத தமிழ்க் குடும்பம் குறைவு. எனக்கும் அந்தச் சிலையைப் பிடிக்கும். ஆனால் நாயின் துக்கம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அது நமக்குப் பழக்கிவிடுகிறது: அசையாமல் உட்கார்ந்திருக்கும், பட்டினி கிடக்கும், காத்திருக்கும். அதற்கு அப்பால் ஏதாவது தெரிந்தால் அதையும் காத்திருப்பு என்றே எழுதிக்கொள்கிறோம்.

பீமனைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அந்தப் பெண்மணி முதலில் அவனைத் தொடவே இல்லை. அறையில் நடக்கவிட்டுப் பார்த்தார். பின்னால் நின்று கையைத் தட்டினார். அவன் காது அசையவில்லை. தரையில் ஒரு பிஸ்கட் துண்டைப் போட்டார். அது காலடியில் கிடக்க, அவன் வேறெங்கோ மோந்துகொண்டிருந்தான். பிறகு எங்களிடம் கேள்விகள் கேட்டார். சுவரையோ தரையையோ வெறித்துப் பார்க்கிறானா? நாற்காலிக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டு திரும்பத் தெரியாமல் நிற்கிறானா? ஆறு மாதத்துக்கு முன் இருந்ததைவிட இது கூடியிருக்கிறதா?

இதுபோன்ற கேள்விகளை முறைப்படுத்தியது எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம்தான். சிட்னி பல்கலைக்கழகத்தின் ஹன்னா சால்வின், பால் மக்ரீவி, மைக்கேல் வலென்சுவேலா முதலானோர் முதிய நாய்களின் நினைவுத் தேய்வை அளக்க 13 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை 2011-இல் வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அவர்கள் கண்டறிந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர்கள் கணக்கெடுத்த முதிய நாய்களில் சுமார் 14 சதவீதத்துக்கு இந்தத் தேய்வின் அடையாளங்கள் இருந்தன. மருத்துவரால் அது கண்டறியப்பட்டிருந்ததோ 2 சதவீதத்துக்கும் குறைவான நாய்களில்தான்.

மெத்தையில் படுப்பது, சோற்றை விடுவது ஆகியவை துக்கமாக இருக்கலாம் என்றார் மருத்துவர். கீல் பக்கம் நிற்பதும் சுவரைப் பார்த்துக் குரைப்பதும் மூளையின் தேய்வாக இருக்கக்கூடும். காருக்கு ஓடிவராததற்குக் காரணம் காது கேட்காதது. அதுவும் நேற்று இன்று வந்ததில்லை, வெகுநாளாக இருந்திருக்கும் என்றார்.

அப்படியானால் இத்தனை நாள் எப்படி ஓடிவந்தான்? ராணி ஓடுவாள், அவள் ஓடுவதைப் பார்த்து இவனும் ஓடியிருக்கிறான். அவள் கதவின் சரியான பக்கத்தில் நின்றாள்; இவன் அவள் வால்பக்கம் நின்றான். சாப்பிடும் நேரம், நடைக்குப் போகும் நேரம், வாசலில் யாரோ வருகிறார்கள் என்ற செய்தி எல்லாமே அவள் வழியாகத்தான் அவனுக்கு வந்திருக்கின்றன. இரண்டு நாய்களுக்கும் சேர்த்து ஒரு ஜோடிக் காதுகள் போதுமானதாக இருந்தது. புதிதாக வந்ததுபோல் தெரிந்த குணங்களில் பாதி பழையவை. ராணி இருந்தவரை அவை வெளியே தெரியவில்லை.

இதைச் சொன்னபோது மெல்பர்னில், டாண்டினாங்கில் இருக்கும் நண்பர் போனில் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். பெற்றோர் இருவரும் கும்பகோணத்தில். இங்கே இரவு எட்டரை ஆனால் அங்கே மாலை நான்கு, காப்பி வேளை. தினமும் அந்த நேரத்துக்குப் பேசுவார்கள். போனை எப்போதும் அப்பாதான் எடுப்பார். "உங்கம்மா இன்னிக்கு அடை பண்ணினா. சொல்லேன்" என்று எடுத்துக்கொடுப்பார், அம்மா அடையைப் பற்றிச் சொல்வார். "கமலா பொண்ணுக்கு நிச்சயமாயிருக்கு, அதைச் சொல்லு" என்பார். அம்மா அதைச் சொல்வார். நன்றாகத்தான் பேசினார் அம்மா.

அப்பா போன பிறகு அம்மா அதே கேள்வியை மூன்று தடவை கேட்டார். பேரன் பெயரை விழுங்கினார். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, யாராவது ஆரம்பித்துவைக்கட்டும் என்பதுபோல் காத்திருந்தார். ஊரில் எல்லோரும், அவர் போன துக்கம், வருஷம் திரும்பினால் சரியாகிவிடும் என்றார்கள். நண்பர் விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். அடுப்படி அலமாரியில் ஒவ்வொரு டப்பா மூடியிலும் அப்பாவின் கையெழுத்து: துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, பொடி உப்பு. மாத்திரை அட்டைகளில் காலை, இரவு என்று பேனாவால் எழுதியிருந்தார். மை மங்கிப்போயிருந்தது, எழுதி வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். தஞ்சாவூரில் நரம்பியல் மருத்துவர் பார்த்துச் சொன்னதை அந்த மூடிகள் ஏற்கெனவே சொல்லிவிட்டன என்றார் நண்பர்.

அந்தப் பெரியவர் செய்தது அன்பு. மனைவியை யாரும் குறைவாகப் பார்த்துவிடக் கூடாது என்று அவருடைய மறதியைத் தானே சுமந்திருக்கிறார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி யாருக்கும் தெரியாமல் சுமக்கும் அன்பு, சுமப்பவர் உயிரோடு இருக்கும்வரை மட்டுமே உதவும் என்பதும் உண்மை. அவர் போன மறுநாளிலிருந்து அந்த அம்மா இரண்டு இழப்புகளை ஒன்றாக அனுபவித்தார்; சுற்றியிருந்தவர்களுக்கு ஒன்றுதான் தெரிந்தது. ஆறுதல் சொல்ல ஆள் இருந்தது. மாத்திரை எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை.

கடல் தாண்டி வந்துவிட்ட நமக்கு இது இன்னும் கடினம். பெற்றோரை நாம் ஒரு சின்னத் திரையில், தினம் சில நிமிடங்கள், இருவரையும் சேர்த்தே பார்க்கிறோம். தனித்தனியாக ஒருவரிடம் பேசுவது அபூர்வம். நான் இப்போது மாமியாரிடம் மட்டும் ஒரு நாள், மாமனாரிடம் மட்டும் ஒரு நாள் என்று பேசுகிறேன். மாமா கோயிலுக்குப் போயிருக்கும் நேரத்தில் அத்தையை அழைத்தால், அவர் பேச்சே வேறு மாதிரி இருக்கிறது. அவருக்கென்று இத்தனை அபிப்பிராயங்கள் உண்டு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பிரித்துப் பார்த்தால் குறை மட்டும்தான் வெளிவரும் என்றில்லை. பீமனிடமும் அப்படி ஒன்று வந்தது: ராணி இருந்தபோது பந்தைத் தொடவே விடமாட்டாள், இப்போது அவன் பந்தை வாயில் கவ்வி எடுத்துவந்து என் காலடியில் போடுகிறான், இந்த வயதில்.

வீட்டில் செய்த மாற்றங்கள் சிறியவை. சாப்பாடும் நடையும் பழைய நேரத்திலேயே நடக்கின்றன. ராணியின் மெத்தையை நாங்கள் துவைக்கவில்லை. அவள் வாசனை தானாகக் குறையட்டும் என்று விட்டிருக்கிறோம். இரவில் நடைவழியில் ஒரு சின்ன விளக்கு எரிகிறது. அவனைக் கூப்பிட வேண்டுமானால் கையசைக்கிறோம், அல்லது தரையைக் காலால் தட்டி அதிர்வை அனுப்புகிறோம். தூங்கும்போது பின்னால் போய்த் தொடுவதில்லை. மருத்துவர் மாற்றிக்கொடுத்த உணவைச் சாப்பிடுகிறான். இரவுக் குரைப்பு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

மகள் இன்னொரு குட்டி வாங்கலாம் என்கிறாள். ராணியின் இடத்தில் ஒருத்தி வந்தால் பீமனுக்குக் காது கிடைக்கும் என்பது அவள் வாதம். எனக்கு அதில் சம்மதம் இல்லை. ராணி அந்தப் பொறுப்பை மெதுவாக, கூடவே வளர்ந்து ஏற்றுக்கொண்டவள். துள்ளுகிற குட்டி ஒன்று, காது கேளாத, வழி தடுமாறுகிற கிழவனுக்கு இன்னொரு குழப்பமாகத்தான் வந்து சேரும். கதவின் சரியான பக்கத்தை அவனுக்குக் காட்ட வேண்டியவர்கள் இப்போதைக்கு நாங்கள்தான் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. பேச்சு இன்னும் நடக்கிறது.