முடங்கும் நாளுக்குக் கட்டுச்சோறு

 

நம் சிங்கப்பூர்ப் பள்ளிவாசல்களில் எதில் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். முன்பெல்லாம் ஸஃப்பின் ஓரத்தில் ஒன்றிரண்டு நாற்காலிகளே கிடக்கும். இன்று அதுவே ஒரு வரிசையாகி விட்டது. முழங்கால் மடங்காதவர், முதுகு வளையாதவர், பாரிசவாயுவினால் ஒரு பக்கம் விழுந்து மெல்ல எழுந்தவர் எல்லாரும் வந்து தொழுகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். நிற்க இயலாவிட்டால் எப்படித் தொழுவது, உட்காரவும் இயலாவிட்டால் எப்படித் தொழுவது என்று நம் பெருமானார் (ஸல்) அவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குப் படிப்படியாகக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு முஸ்லிம் இந்நிலைக்கு ஆளாவான் என்பதை மார்க்கம் முன்கூட்டியே எதிர்பார்த்திருக்கிறது. எதிர்பார்க்காதவர்கள் நாம்தாம்.

நாற்காலியில் தொழுகிறவரைப் பார்க்கிறோம். நாற்காலிக்கும் வரமுடியாமல் வீட்டிலே கிடக்கிறவரை யார் பார்க்கிறோம்? அவரைக் குளிப்பாட்டுவது யார், உளூவுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார், கழிப்பறைக்குத் தூக்கிச் செல்வது யார், இவற்றிற்கெல்லாம் காசு எங்கிருந்து வருகிறது? இம்முறை இதைப் பற்றியே பேச நாடுகிறோம்.

சுகாதார அமைச்சு சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. இந்நாட்டில் 65 வயதில் நல்ல சுகத்தோடு இருப்பவர் இருவரில் ஒருவர் பிற்காலத்தில் கடுமையாக உடல் முடங்கிப் போகக்கூடும். அப்படி முடங்கியவர்களில் 10 பேருக்கு 3 பேர் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ அந்நிலையிலேயே இருக்கக்கூடும். பத்து ஆண்டு என்றால் என்ன? முடங்கிய அன்று முதல் வகுப்பில் சேர்ந்த பேரப்பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் காலம்.

இதற்கென அரசாங்கம் 2002-ல் எல்டர்ஷீல்ட் என்ற காப்புறுதியைக் கொண்டு வந்தது. மெடிசேவ் கணக்குள்ளவர் அன்று 40 வயதானதும் தாமாகவே அதில் சேர்க்கப்பட்டார். வேண்டாதவர் வேண்டாமென்று எழுதிக் கொடுக்க இடமிருந்தது. முதல் ஆண்டில் 100-க்கு 38 பேர் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார்கள். கடைக்காரர் கண்ணோடு பார்த்தால், வாசலுக்கே வந்த சரக்கை இத்தனை பேர் திருப்பி அனுப்பியது சாதாரணம் அன்று. பிற்காலத்தில் அத்தொகை நூற்றுக்கு 5 அளவுக்கு இறங்கி விட்டது என்பது வேறு விஷயம். 2020 அக்டோபர் முதல் தேதி கேர்ஷீல்ட் லைஃப் வந்தது. 1980-லும் அதற்குப் பின்னும் பிறந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 30 வயது முதல் அது கட்டாயம். 1979-லும் அதற்கு முன்பும் பிறந்தவர்களுக்கு விருப்பம். அந்த விருப்பம் உள்ளவர்களைத்தான் நாம் கடையிலே அதிகம் சந்திக்கிறோம். அவர்கள் சொல்லும் காரணங்களும் நமக்கு மனப்பாடம்.

“எல்லாம் அல்லாஹ் பார்த்துக் கொள்வான் பாய்” என்பது அதில் முதன்மையானது. அல்லாஹ் பார்த்துக் கொள்வான் என்பதில் சந்தேகப்படுகிறவன் முஸ்லிமே அல்லன். ஆனால் தவக்குல் என்ற பெரிய சொல்லைச் சோம்பலுக்குப் போர்வையாக்கலாமா? எமன் நாட்டிலிருந்து ஒரு கூட்டத்தார் ஹஜ்ஜுக்கு வருவார்கள். வழிக்கு உணவு எடுத்துக் கொள்ள மாட்டார்கள். கேட்டால், நாங்கள் அல்லாஹ்வை நம்பி வருகிறவர்கள் என்பார்கள். மக்காவுக்கு வந்து சேர்ந்ததும் என்ன செய்வார்கள் தெரியுமா? அங்குள்ள மக்களிடம் கையேந்துவார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரியில் வரும் செய்தி இது. ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் கட்டுச்சோறு எடுத்துக் கொள்ள வேண்டுமென்ற கட்டளை பகரா சூராவில் இறங்கியது இவர்கள் விஷயமாகத்தான். அந்தக் கட்டுச்சோற்றில் சிறந்தது தக்வா என்றும் அதே வசனம் கற்பிக்கிறது. அதைக் காட்டி, சோற்று மூட்டையை வீட்டிலே விட்டுப் போகச் சொன்ன இமாம் எவரும் இல்லை.

எமன் கூட்டத்தாருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? சந்தா கட்டச் சொன்னால் தவக்குல் பேசுகிறோம். ஆள் விழுந்ததும் சங்கத்துக்கு மனு வருகிறது. நாலு கடைக்காரர் சேர்ந்து ஆளுக்கு ஐம்பது, நூறு போடுகிறோம். முதல் மாதம் கை தாராளமாக நீளும். ஆறாம் மாதம், “போன தடவைதானே கொடுத்தோம்” என்ற பேச்சு வந்து விடும். குறை சொல்லவில்லை, கொடுக்கிறவருக்கும் வாடகை உண்டு, சம்பளம் உண்டு. பத்து ஆண்டுக்கு எவரால் கொடுக்க முடியும்? கொடுக்க முடியாதபோது, படுக்கையில் கிடக்கும் பெரியவர் மானமும் அல்லவா சேர்ந்து முடங்கிப் போகிறது?

“எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்” என்பது மற்றொன்று. இதைச் சொல்லும்போது நம் பெரியவர்கள் நெஞ்சு நிமிர்வதைப் பார்க்க வேண்டும். நிமிரட்டும், நியாயந்தான். வாப்பாவோ உம்மாவோ முதுமையை அடைந்தால் அவர்களைச் சலித்து ஒரு சொல்லும் சொல்லலாகாது என்று பனீ இஸ்ராயீல் சூரா தடுக்கிறது. இந்த அரசாங்கமும் 1995-ல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் என்றே ஒன்று செய்து, 60 வயதைக் கடந்து தம்மைப் பேண வழியற்ற பெற்றோர் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று வைத்திருக்கிறது. ஆனால் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்னும்போது நாம் எந்தப் பிள்ளையை நினைக்கிறோம்? வாயிலே மகனைச் சொல்லுகிறோம். வேலை விழுவது மகள் மீதும் மருமகள் மீதும்.

நம் கடைக்கு ஒரு பெண்மணி சாமான் வாங்க வருவார். பெரிய அலுவலகம் ஒன்றில் வேலையாய் இருந்தவர். உம்மா பாரிசவாயுவில் விழுந்த பிறகு வேலையை விட்டார். சகோதரர்கள் மூவரும் நல்ல பிள்ளைகள்தாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பழம் வாங்கிக் கொண்டு வருகிறார்கள். மற்ற ஆறு நாளும் தூக்குவதும் திருப்பிப் போடுவதும் இவர். சம்பளம் நின்றது, சேமநிதியில் விழும் பணமும் நின்றது. அவர் தம் முதுமைக்குச் சேர்க்க வேண்டியதை உம்மாவின் முதுமைக்குச் செலவிட்டுக் கொண்டிருக்கிறார். அல்லாஹ்விடத்தில் அவருக்குள்ள கூலியைப் பற்றி நமக்கு ஐயமில்லை. அந்த மூன்று சகோதரர்களைப் பற்றித்தான் கவலை. மருமகள் விஷயம் இன்னும் நுட்பமானது. கணவனின் பெற்றோரைப் பேணுவது மருமகளின் பெருந்தன்மை. கடமை, பெற்ற பிள்ளைகளுடையது. இதை நிக்காஹ் மேடையில் எவரும் எடுத்துச் சொல்வதில்லை!

மாதம் ஒரு தொகை ரொக்கமாக அந்த வீட்டுக்கு வந்தால், வாரத்தில் சில நாளாவது ஒரு பணிப்பெண்ணை அமர்த்தலாம். அல்லது அந்த மகள் கையிலேயே கொடுக்கலாம். பிள்ளையின் கடமை இதனால் நீங்கி விடாது. கடமையைச் செய்கிறவரின் முதுகு ஒடியாமல் இருக்கும்.

இன்னும் சிலர் நம்மைப் போன்ற வியாபாரிகள். “கட்டிக் கட்டி, கடைசியில் ஒன்றும் ஆகாமல் மௌத்தானால் காசு நஷ்டந்தானே?” என்பார்கள். சகோதரரே, நீங்கள் பள்ளிவாசலில் கைராத் கட்டுகிறீர்கள் அல்லவா? ஜனாஸாச் செலவுக்கென்று ஆண்டுதோறும் கட்டுகிறீர்கள். இருபது வருஷம் கட்டியும் நான் சாகவில்லை, என் பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எவராவது கேட்டதுண்டா? உங்கள் காசு வேறொரு வீட்டு ஜனாஸாவுக்குப் போயிற்று. அதை நஷ்டம் என்று பேரேட்டில் எழுதுவீர்களா? முடங்கியவருக்குப் போகும் காசும் அப்படிப்பட்டதுதான். 2020-ல் 30 வயதாயிருந்தவருக்கு முதலாண்டுச் சந்தா, மானியத்துக்கு முன், ஆணுக்கு 206 வெள்ளி, பெண்ணுக்கு 253 வெள்ளி. ஆணின் கணக்கைப் பிரித்தால் நாளைக்கு 60 காசுக்கும் குறைவு. நம் கடையில் அந்தக் காசுக்கு ஒரு தேநீரும் தர மாட்டோம். வயது ஏறிச் சேருகிறவருக்கு இதைவிடக் கூடும் என்பது உண்மை. மெடிசேவிலிருந்தே முழுவதும் கட்டலாம் என்பதும் உண்மை. பெண்ணுக்கு ஏன் கூடுதல் என்று நம் வீட்டிலேயே கேள்வி எழுந்தது. பெண்கள் அதிக காலம் வாழ்கிறார்கள், முடங்கிய நிலையிலும் அதிக காலம் இருக்கிறார்கள் என்பது அதிகாரிகளின் விடை. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆயினும் வாழ்நாளெல்லாம் பிறரைப் பேணியவளிடமே கூட வாங்குவது நம் மனத்துக்கு ஒப்பவில்லை.

“காப்புறுதி ஹராம் அல்லவா?” என்று கேட்கிறவர்களை நாம் மதிக்கிறோம். இந்தக் கேள்வி ஈமானிலிருந்து வருகிறது. இலேசாகத் தள்ளக் கூடாது. நாம் ஆலிம் அல்ல. ஓதப்பள்ளியும் ஆரம்பப் பள்ளியும் கடந்து கல்லாவுக்கு வந்தவர்கள். ஃபத்வாவை முஃப்தி அலுவலகத்திலும் இமாம்களிடமும் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். நாம் சொல்லக் கூடியது, ஆட்சேபம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது மட்டுமே. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் சபை, இலாபத்துக்காக நடத்தும் வர்த்தகக் காப்புறுதியில் ஒப்பந்தத்தைக் கெடுக்கும் அளவுக்கு நிச்சயமின்மை, அதாவது கரர், இருப்பதால் அது கூடாதென்று முடிவு செய்தது. ஒருவருக்கொருவர் உதவும் பொருட்டு நன்கொடையாகச் சேர்த்து வைக்கும் கூட்டுறவுக் காப்புறுதியை அதே சபை ஏற்றது. பக்கத்து மலேசியா 1984-லேயே தகாஃபுல் சட்டம் இயற்றி விட்டது. அஷ்அரீ கோத்திரத்தார் படையெடுப்பில் உணவு குறைந்தபோது, உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக் கொள்வார்கள். அவர்களைப் பெருமானார் (ஸல்) தம்மைச் சேர்ந்தவர்கள் என்று பாராட்டினார்கள். கேர்ஷீல்ட் லைஃப் அரசாங்கமே இலாப நோக்கின்றி நடத்துவது. அதன் மேல் கூடுதலாகத் தனியார் கம்பெனிகள் விற்கும் துணைக் காப்புறுதி வேறு ரகம். இரண்டையும் ஒரே தராசில் வைத்துக் கேட்டால் தப்பான விடை வரும். கேட்கும்போது பிரித்துக் கேளுங்கள்.

இதைப் பெரிய பொக்கிஷம் என்று நாம் விற்க வரவில்லை. குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிப்பறைக்குச் செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் என்னும் ஆறில் மூன்றையாவது பிறர் துணையின்றிச் செய்ய இயலாதவருக்கே பணம் கிடைக்கும். இரண்டு மட்டும் இயலாமல் திண்டாடுகிறவருக்கு இதில் ஒன்றுமில்லை. அவரும் வீட்டாரும் படும் பாடு சிறிதன்று. தொகை 2020-ல் மாதம் 600 வெள்ளியாகத் தொடங்கி 2025-ல் 662 ஆயிற்று. 2026 முதல் 2030 வரை ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறுமென்று அறிவித்திருக்கிறார்கள். பெறத் தொடங்கிய ஆண்டின் தொகையே ஒருவருக்குப் பின்னும் மாறாமல் நிற்கும். பணிப்பெண்ணின் சம்பளம், அரசாங்க வரி, சாப்பாடு எல்லாம் கூட்டினால் இது போதாது. ஆனால் எல்டர்ஷீல்டில் ஐந்து அல்லது ஆறு ஆண்டோடு பணம் நின்று விடும். இதில் அந்நிலை நீடிக்கும் வரை, ஆயுள் முழுதும் உண்டு. பத்து ஆண்டு கிடக்கிறவர் வீட்டில் இந்த வித்தியாசத்தைக் கேட்டுப் பாருங்கள்.

1979-லும் அதற்கு முன்பும் பிறந்தவர்கள் ஒன்றை மறக்கலாகாது. கடுமையாக முடங்கிய பிறகு இதில் சேர முடியாது. 1970 முதல் 1979 வரை பிறந்து எல்டர்ஷீல்ட் 400 வைத்திருந்தவர்களில் அநேகரை 2021 டிசம்பரில் தாமாகவே சேர்த்து விட்டார்கள். அவர்களில் பலருக்குத் தாம் சேர்ந்திருப்பதே தெரியாது. ஏற்கெனவே விழுந்து விட்ட, வசதியற்ற குடிமக்களுக்காக 2020-ல் தொடங்கிய எல்டர்ஃபண்ட் உதவி இருக்கிறது. அதற்கு ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் மனுச் செய்யலாம்.

இவ்விஷயமாக வீட்டுக்குக் கடிதம் வந்திருக்கும். பலர் உறையைக் கூடப் பிரிக்காமல் அலமாரியில் குர்ஆன் ஷரீபுக்குக் கீழே செருகி வைத்திருப்பது நமக்குத் தெரியும். பேரப்பிள்ளைகளுக்கு நேரமில்லையென்றால் அதை எடுத்துக் கொண்டு கடைக்கு வாருங்கள். அஸருக்குப் பின் கூட்டம் குறைவு. உட்கார்ந்து வாசித்துச் சொல்வோம். மூக்குக் கண்ணாடியை மறக்காமல் கொண்டு வரவும். கையெழுத்து நீங்கள்தாம் போட வேண்டும்.

வஸ்ஸலாம்.