பல்லாண்டு பாடுதல் வ்யாஹதியாகுமோ?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தர்க்க சாஸ்த்ரத்தில் ‘வ்யாஹதி’ என்றொரு சொல் உண்டு. தான் சொன்னதைத் தானே அழித்துவிடும் பேச்சுக்கு அது பெயர். ‘என் தாய் மலடி’ என்று ஒருவன் கூறுவதை இதற்கு உதாஹரணமாகக் காட்டுவர். எதிரெதிராகத் தோன்றும் வார்த்தைகளெல்லாம் வ்யாஹதி ஆகிவிடா. ஒரே பொருளை, ஒரே காலத்தில், ஒரே நோக்கில் உண்டென்றும் இல்லையென்றும் சொன்னாலே அக்குற்றம் வரும். நாம் வங்கியில் இட்ட வைப்புத்தொகை நம் ஏட்டில் சொத்து. வங்கியின் ஏட்டில் கடன். நோக்கு வேறானபடியால் இரண்டும் மெய்யே.

இனி, திருப்பல்லாண்டுக்கு வருவோம். நம் கப்பலூருக்கு வடக்கே, கூடல் மாநகராகிய மதுரையில், பாண்டியன் வல்லபதேவனுடைய அவையிலே ஸ்ரீமந்நாராயணனே பரதெய்வம் என்று வேதப்ரமாணங்களால் நிலைநாட்டிப் பொற்கிழி பெற்றவர் பெரியாழ்வார். அவரே, யானைமேல் பவனி வருகையில் கருடாரூடனாய்க் காட்சி தந்த எம்பெருமானைக் கண்டு, கண்ணெச்சில் படுமோ என்று அஞ்சிப் பல்லாண்டு பாடினார். அனைவரையும் காப்பவன் என்று அவையில் ஸாதித்துவிட்டு, வீதியில் அவனுக்கே காப்பிடலாமோ? காலத்துக்கு அப்பாற்பட்டவனை ஆண்டுகளை எண்ணி வாழ்த்தலாமோ? இது வ்யாஹதி அன்றோ என்பது கேள்வி.

பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில் இதற்கு விடை அருளினார். ஞானம் மேலோங்கும் நிலையில் அவன் ரக்ஷகன், நாம் ரக்ஷ்யம் என்னும் முறை உள்ளபடி நிற்கும். ப்ரேமம் மேலோங்கும் நிலையில் அம்முறை தலைகீழாகும். ஞானம் அவனுடைய ஸர்வசக்தியைக் காண்கிறது. ப்ரேமம் அவன் திருமேனியின் ஸௌகுமார்யத்தைக் காண்கிறது. நோக்கு வேறாகையால் முன் சொன்னது பின் சொன்னதால் அழியவில்லை. படைத்தலைவனான மகனுக்கும் தாய் திருஷ்டி கழிப்பாள். அவன் வலிமையை அவள் அறியாதவள் அல்லள்.

இவ்விடையை ஆசார்யர் வாழ்ந்தும் காட்டினார். 14-ஆம் நூற்றாண்டில் திருவரங்கத்தின்மேல் தில்லிப்படை வந்தபோது, முதிர்ந்த வயதில் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தென்திசை வந்தார். மதுரைக்கு வடகிழக்கே, யானைமலை அருகே, ஜ்யோதிஷ்குடி என வழங்கிய கொடிக்குளத்தில் திருநாடு அலங்கரித்தார். ‘உலகைக் காப்பவனை நாம் ஒளித்துக் காப்பதா?’ என்று தர்க்கம் பேசி அவர் நின்றுவிடவில்லை.

ஆகையால், ‘ஸர்வசக்தனுக்கு நம் வாழ்த்து எதற்கு?’ என்று யாரேனும் கேட்டால், வ்யாஹதியின் இலக்கணத்தை முதலில் சொல்லுவோம். பிறகு கூடலின் வீதியையும் கொடிக்குளத்தையும் சொல்லுவோம். கேட்டவர் தெளியினும் தெளியாவிடினும், நித்யாநுஸந்தாநத்தில் பல்லாண்டை விடாது அநுஸந்திப்போம்.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம்.
பிள்ளை லோகாசார்யர் திருவடிகளே சரணம்.