திருவோடு, நாய், சைக்கிள்

ஓஸ்லோவில் பெர்கன் ரயில் ஏறுகிறவர்களில் பலர், கோடைக்காலத்தில் பாதி வழியில் ஹௌகஸ்தோல் நிலையத்திலேயே இறங்கிவிடுகிறார்கள். அங்கிருந்து ஃப்லோம் வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு ஒரு மலைப்பாதை போகிறது. 1909இல் திறக்கப்பட்ட பெர்கன் ரயில்பாதைக்குத் தளவாடம் கொண்டுபோகக் கூலித்தொழிலாளர்கள் போட்ட சாலை அது. பெயரும் அவர்களுடையதே: ராலர்வேகன். பனி கரையும் ஜூலை முதல் செப்டம்பர் வரை அது சைக்கிள்காரர்களின் பாதை.

நீண்டதூரம் சைக்கிளில் போகிறவரின் உடைமைகளை எண்ணிவிடலாம். கூடாரம், மாற்றுடை, சின்ன அடுப்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், இரண்டு நாள் சாப்பாடு. 1,300 மீட்டருக்கு மேல் ஏறும் அந்தப் பாதையில் தேவையில்லாமல் எடுத்துவந்த ஒவ்வொரு பொருளும் முழங்காலில் தெரியும். எது வேண்டும், எது வேண்டாம் என்று உடம்பே சொல்லிக்கொடுக்கிறது. சில வாரம் இப்படி வாழ்ந்தவர்கள் அதைத் துறவுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுவது வழக்கம். வைக்கலாமா?

பட்டினத்தாரைக் கேட்டால் சிரித்திருப்பார். திருவிடைமருதூர்க் கோயிலின் கீழை வாசலில் அவரும் மேலை வாசலில் பத்திரகிரியாரும் இருந்த கதை தமிழருக்குத் தெரிந்ததே. பிச்சை கேட்டு வந்தவரிடம், "மேலை வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போ" என்று கைகாட்டினாராம். அரச வாழ்வை விட்டு வந்தவரிடம் மிச்சமிருந்த குடும்பம் ஒரு திருவோடும் ஒரு நாயும்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் இருபத்தேழு கியர் வைத்த சைக்கிள்காரர் பெரும் சம்சாரி. சட்டைப்பையில் வங்கி அட்டை வேறு இருக்கிறது, ஊரில் பூட்டிய வீடு காத்திருக்கிறது.

ராலர்வேகன் தொடங்கும் இடத்துக்கு அருகிலேயே, ஹாலிங்ஸ்கார்வே மலைச்சரிவில், இதே கேள்வியோடு வாழ்ந்த ஒருவரின் குடில் இருக்கிறது. தத்துவவாதி ஆர்னே நெஸ் 1930களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அதைக் கட்டினார். 1939இல், 27 வயதில், ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர் அவர். காந்தியை ஆழ்ந்து படித்தவர். யோஹான் கால்துங்கோடு சேர்ந்து 1955இல் காந்தியின் அரசியல் அறம் பற்றி நூல் எழுதியவர். பதவியை முன்கூட்டியே விட்டுவிட்டு, ஆழ்நிலைச் சூழலியல் என்ற சிந்தனையை வளர்த்தார். குடிலுக்கு எல்லாவற்றையும் மேலே ஏற்றியாக வேண்டும் என்பதால் விறகையும் தண்ணீரையும் அளந்தே செலவழித்தார். அதை வறுமை என்று அவர் ஒருநாளும் நினைக்கவில்லை. சாதனங்கள் குறைவதும் வாழ்வின் நோக்கம் செழிப்பதும் ஒன்றாக நடக்கும் என்பது அவர் கொள்கை.

ஆனால் அந்தக் குடில் அவருக்கு வாய்த்த தேர்வு. தேர்வில்லாத எளிமையையும் ஓஸ்லோ பார்த்திருக்கிறது. 1980களில் போருக்குத் தப்பி ஈழத்திலிருந்து வந்த இளைஞர்களில் பலரும் ஒரு கைப்பையோடுதான் இறங்கினார்கள். அந்தப் பையின் எடைக்குறைவில் எந்த ஞானமும் இல்லை. விட்டுவந்தது வீடு, தோட்டம், தாய் தகப்பன். இன்று அம்மேருட் சிவசுப்பிரமணியர் ஆலயத்தில் கூடும் மக்களிடம் போய், குறைந்த பொருளோடு வாழ்வது விடுதலை என்று பிரசங்கம் செய்ய எவருக்கும் உரிமை கிடையாது. பொருள் குறைவது தானாக அறமாகிவிடாது.

அப்படியானால் சைக்கிள் பயணத்தின் எளிமைக்கு மதிப்பு எங்கே? திருவிடைமருதூருக்கே திரும்பலாம். இரண்டு துறவிகளுக்கும் சோறு போட்டது ஊர். திருவோட்டையும் உடைத்துப் போட்ட பத்திரகிரியார் அதற்குப் பிறகு இன்னும் அதிகமாகப் பிறர் கையை நம்பினார். குறைவாகச் சுமப்பவர் மற்றவர்களை அதிகம் சார்ந்திருக்கிறார். இதை ஒப்புக்கொள்வதுதான் வழிப்பயணம் கற்றுத்தரும் பாடம் என்று தோன்றுகிறது. 1962இல் சதீஷ் குமாரும் ஈ.பி. மேனனும் அணு ஆயுதங்களுக்கு எதிராக டெல்லியிலிருந்து மாஸ்கோ, பாரிஸ் வழியாக நடந்தபோது, கையில் காசு வேண்டாம் என்று சொல்லியனுப்பியவர் வினோபா பாவே. காசில்லாதவன் ஒவ்வொரு மாலையும் யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டியாக வேண்டும். ஒடிசாவின் ஓவியர் பிரத்யும்ன குமார் மகாநந்தியா 1977இல் பழைய சைக்கிளில் டெல்லியிலிருந்து ஸ்வீடனுக்குப் புறப்பட்டு, வழியில் மனிதர்களின் முகங்களை வரைந்து கொடுத்துச் சாப்பிட்டார். ஆப்கானிஸ்தானும் ஈரானும் அன்று அவருக்கு வழிவிட்டன. இரண்டே ஆண்டில் அந்த வழி அடைபட்டுப்போனது.

நார்வே இந்தச் சார்பைச் சட்டமாகவே எழுதிவைத்தது. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயிரிடாத நிலத்தில் யாரும் உரிமையாளரைக் கேட்காமல் நடக்கலாம், கூடாரம் அடிக்கலாம். குடியிருக்கும் வீட்டுக்கு 150 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும், பொதுவாக இரண்டு இரவுக்கு மேல் ஒரே இடத்தில் கூடாது, இடத்தைக் கெடுக்கக் கூடாது. நிலம் தனியாருடையதுதான், வழிப்போக்கரின் ஓர் இரவு எல்லோருக்கும் பொது. ராலர்வேகனில் போகிறவரின் பை இவ்வளவு லேசாக இருப்பதற்கு இந்தச் சட்டமும், சாலை போட்ட தொழிலாளர்களும் காரணம்.

தமிழ்நாட்டிலும் இந்த அறம் கல்லாக நின்றது. தலைச்சுமையை யார் உதவியுமின்றி இறக்கிவைக்கச் சுமைதாங்கி, ராணி மங்கம்மாள் பெயர் சொல்லும் சாலைகள், சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம். பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் நடப்பவர்களுக்கு இன்றும் ஊர்க்காரர்கள் நீர்மோரும் சோறும் தருகிறார்கள். திருவிழா முடிந்ததும் அந்தப் பந்தல்கள் பிரிக்கப்படுகின்றன. மற்ற நாட்களில் சைக்கிளில் வருபவர் பெட்ரோல் பங்க் வாசலில் படுக்க அனுமதி கேட்டு நிற்கிறார். இன்னும் சுவர் நிற்கும் பழைய சத்திரங்களில் சிலவற்றையாவது அரசும் அறக்கட்டளைகளும் பழுதுபார்த்து, நடந்தும் மிதித்தும் வருபவர்களுக்கு ஓர் இரவு தங்கத் திறந்துவிட வேண்டும்.