தேர் சொல்லும் விசைக் கணக்கு

ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேர் நிலையை விட்டு நகரும் அந்த முதல் அடிக்குத்தான் வடம் அதிகம் விறைக்கிறது. அசையாத அச்சின் உராய்வு, சுழலும் அச்சின் உராய்வைவிடப் பெரியது.

சித்திரை வீதியில் நேராக, ஒரே வேகத்தில் தேர் போகும்போது அதன்மீது நிகர விசை எவ்வளவு? அத்தனை கைகள் இழுக்கின்றனவே, 'மிக அதிகம்' என்றுதான் பல மாணவர்களுக்குத் தோன்றும். விடை 0. இழுவிசையும் உராய்வும் சமமாகிவிடுகின்றன. 1687-இல் நியூட்டன் நூலில் வெளியிட்ட முதல் விதி இது.

இழுப்பை நிறுத்தினாலும் தேர் சட்டென்று நிற்காது; அதற்குத்தான் முட்டுக்கட்டை. எவ்வளவு அழகான பாடம்!

மாணவர்களே, சூத்திரத்தைத் தேடும் முன் தேரை ஒரு பெட்டியாக வரையுங்கள். எடை, தரையின் எதிர்விசை, இழுவிசை, உராய்வு என நான்கு அம்புக்குறிகளைப் போட்டுப் பாருங்கள்.