நாலில் மூன்று

வெள்ளிக்கிழமை. தவக்காலம்.

மாதா கோயிலில் சிலுவைப்பாதை முடிந்துவிட்டது. தெருவில் செருப்புச் சத்தம் குறைந்துகொண்டே வருகிறது. முட்டியில் மணல் ஒட்டியிருக்கிறது. தட்டிவிடவில்லை.

*

அம்மா சாப்பிட்டுப் படுத்துவிட்டாள். ஜெபமாலை கையிலேயே இருக்கிறது. ஐந்தாவது மணியிலோ ஆறாவது மணியிலோ தூக்கம் வந்திருக்கும். விரல் அந்த இடத்தை விடவில்லை.

*

செல்போன் கைரேகையை ஏற்க மறுக்கிறது. பகலெல்லாம் முந்திரிக்கொட்டை உடைத்த விரல். சாம்பல் தொட்டுக்கொண்டுதான் உடைக்கிறோம். அப்படியும் கொட்டையின் எண்ணெய் பட்டுத் தோல் கறுத்து உரிகிறது.

நாலு எண்ணை அழுத்துகிறேன். திறக்கிறது.

*

இங்கே எட்டரை. பாங்காக்கில் பத்து.

இங்கே வரதராஜன்பேட்டையில் ஒவ்வொரு வீடாக விளக்கு அணைகிறது. அங்கே இன்னும் எரிந்துகொண்டிருக்கும்.

*

பாய்ஸ் லவ். பி.எல். என்று சுருக்கிச் சொல்கிறோம். ஒருவன் இன்னொருவனை நேசிக்கிற கதை.

1970களில் ஜப்பானில் பெண்கள் இப்படிப் படக்கதை வரைகிறார்கள். ஹகியோ மோத்தோ. தக்கெமியா கெய்கோ. ஹகியோவின் 'தோமாவின் இதயம்' 1974இல் வருகிறது. கதையில் பையன்கள். வரைகிற கை பெண்ணுடையது. புரட்டுகிற கையும்.

*

பார்த்த தொடரையே மறுபடி பார்க்கிறேன். 'பேட் படி'. தாய்லாந்து. 2021 அக்டோபரில் தொடங்கி 2022 ஜனவரியில் முடிந்தது. 12 எபிசோட். யூட்யூபில் ஒவ்வொன்றையும் நாலு துண்டாகப் போட்டிருக்கிறார்கள். நாலில் ஒன்று. நாலில் இரண்டு.

பாட், பிரான். பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. பிள்ளைகளும் விரோதிகளாகத்தான் வளர வேண்டும்.

எங்கள் தெருவிலும் அப்படி இரண்டு வீடு உண்டு. வேலியோர முந்திரிக் கிளையில் போன பேச்சு. கிளை இரண்டு பக்கமும் காய்க்கிறது.

*

5ஆம் எபிசோட். மொட்டைமாடி. இரவு.

இருவருக்கும் நடுவே ஒரு முழம்.

ஒருவன் பார்வை மற்றவன் உதட்டுக்கு இறங்குகிறது. திரும்ப ஏறுகிறது.

என் மூச்சு நிற்கிறது. நிற்பது தெரிகிறது. எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. அடுத்து என்ன என்று தெரியும். தெரிந்தும் நிற்கிறது.

*

தலையணையைக் கடித்துக்கொள்கிறேன். கால்விரல்கள் பாயைச் சுரண்டுகின்றன. கண் நிறைந்து, ஒரு பக்கமாக வழிந்து, காதுக்குள் போகிறது. சூடாகப் போகிறது. உள்ளே போனதும் குளிர்கிறது.

சந்தோஷமா, துக்கமா.

கேள்வி வருகிறது. சற்று இருக்கிறது. போகிறது.

*

பின்னால் ஓட்டுகிறேன். முத்தத்துக்கு முந்தின நொடிக்கு.

பத்து நொடி.

மறுபடி பத்து நொடி.

*

தாய்லாந்து மொழியில் 'ஹொம்' என்று ஒரு சொல். நறுமணம் என்று பொருள். கன்னத்தில் மூக்கை வைத்து முகர்ந்து முத்தமிடுவதற்கும் அதே சொல்.

'ஐ டோல்ட் சன்செட் அபவுட் யூ'. 2020. பூக்கெட் தீவு. பல்கலைக்கழகத் தேர்வுக்குச் சீன மொழி படிக்கிற இரண்டு பையன்கள். தே, ஓ-ஏவ். ஒருவன் மற்றவன் அருகே குனிந்து மூச்சை இழுக்கிறான்.

*

தமிழில் உச்சி முகர்வது என்று இருக்கிறது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா தலையை இழுத்து மோந்து பார்ப்பாள். எண்ணெயும் வெயிலும் என்பாள். கடைசியாக மோந்தது எந்த வயதில்.

பக்கத்தில் அம்மாவின் மூச்சு. உள்ளே. வெளியே.

*

'செர்ரி மேஜிக்'. ஜப்பான், 2020. முப்பது வயதுவரை காதல் அறியாத அடாச்சிக்கு, தொட்டவர்களின் மனசு கேட்கத் தொடங்குகிறது. நெரிசலான லிஃப்ட். குரோசாவாவின் உடம்பு படுகிறது. அவன் மனசு பேசுகிறது. அது முழுக்க அடாச்சிதான்.

ஆண்டிமடம் போகிற பஸ்ஸில் எத்தனையோ தோள்கள் படுகின்றன. உடம்பின் சூடு தெரிகிறது. இறங்கி நடந்த பிறகும் சற்று நேரம் தெரிகிறது.

*

சாயங்காலம் ரோட்டில் இரண்டு பையன்கள். ஒருவன் தோளில் மற்றவன் கை. சில நாள் சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டு நடப்பார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

திரையில் அதே போல ஒரு கை. நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

*

அந்த இருவரைப் பற்றி ஒரு நினைப்பு வருகிறது. நடந்து போகிறவர்கள் மேல் கதை ஏற்ற எனக்கு உரிமை இல்லை. நினைப்பின் பின்னால் போகாமல் இருக்கிறேன்.

ஆனால் இந்த ஊரிலும் யாராவது இருப்பார்கள். அவர்களுக்கும் இப்போது தூக்கம் வராமல் இருக்கலாம்.

*

'தி அன்டேம்ட்'. சீனா. 2019. 50 எபிசோட். நாவலில் இருக்கிற காதலைத் தணிக்கை திரைக்கு விடவில்லை. வெய் வூஷியன் கையில் புல்லாங்குழல். லான் வாங்ஜி மடியில் ஏழு தந்தி.

செத்துப்போனவன் 16 வருஷம் கழித்து வருகிறான். முகத்தில் முகமூடி. பழைய மெட்டை ஊதுகிறான். மற்றவன் மெட்டை வைத்தே கண்டுகொள்கிறான். மணிக்கட்டைப் பிடிக்கிறான்.

பிடித்தது பிடித்தபடி.

அந்தச் சொல் மட்டும் வருவதில்லை. அது வரவேண்டிய இடத்தில் காது போய் நிற்கிறது.

*

சிலுவைப்பாதையின் ஆறாம் ஸ்தலம். வெரோணிக்கா துணியோடு வருகிறாள். அத்தனை கூட்டத்துக்கு நடுவே ஒரு கை நீள்கிறது.

சாயங்காலம் அங்கே முழந்தாளிட்டபோதும் மூச்சு இப்படித்தான் நின்றது.

*

இந்தக் கதைகளைப் படிக்கிற ஜப்பானியப் பெண்கள் தங்களை ஃபுஜோஷி என்று சொல்லிக்கொள்கிறார்கள். அழுகிய பெண்.

பங்குனி. கொட்டையைத் திருகி எடுத்தபின் முந்திரிப்பழம் மரத்தடியிலேயே கிடக்கிறது. மஞ்சள். சிவப்பு. கிடந்து அழுகுகிறது. கொல்லை முழுக்க இனிப்பு வாசனை.

இந்நேரத்துக்கு அது ஜன்னல்வரை வருகிறது.

*

சில தேதிகள்.

2018 செப்டம்பர் 6. டெல்லி. வயதுவந்த இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ மனம் ஒப்பிச் சேர்வது குற்றமில்லை என்கிறது உச்ச நீதிமன்றம்.

2019 மே 24. தைவானில் முதல் திருமணங்கள்.

2021 ஜூன் 7. சென்னை உயர் நீதிமன்றம். வீட்டுக்குப் பயந்து மதுரையிலிருந்து வந்த இரண்டு பெண்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், உத்தரவு எழுதும் முன் தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்கிறார்.

2023 அக்டோபர் 17. மறுபடி டெல்லி. திருமணம் இல்லை.

2025 ஜனவரி 23. தாய்லாந்து. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

விரல் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்கிறது. நடுவில் நூல்.

*

தன்பாலீர்ப்பு.

சத்தமில்லாமல் சொல்லிப் பார்க்கிறேன். முடிகிற இடத்தில் உதடுகள் சேர்ந்து பிரிகின்றன.

*

யாரிடமும் சொன்னதில்லை. கொட்டை உடைக்கிற இடத்தில் சீரியல் கதை ஓடும். சிரிப்பு வரும். என் கதை வாய்வரை வருகிறது. சாம்பலைத் தொடுகிறேன். அடுத்த கொட்டையை எடுக்கிறேன்.

உள்ளே அது சூடாக இருக்கிறது. நாளெல்லாம் இருக்கிறது.

*

'பேட் படி'யில் இன்னொரு எபிசோட். நாலில் மூன்று முடிகிறது. ஒரு கை மற்றக் கையை நோக்கிப் புறப்பட்டிருக்கிறது. திரை கறுக்கிறது.

கறுப்பில் என் முகம். கண் வீங்கியிருக்கிறது.

*

அம்மா புரள்கிறாள். ஜெபமாலை பாயில் விழுகிறது.

எடுத்துக் கையருகே வைக்கக் குனிகிறேன். அம்மாவின் தலை பக்கத்தில் இருக்கிறது.

எண்ணெய். சாம்பல். கொஞ்சம் சாம்பிராணி.

*

இங்கே பன்னிரண்டு. அங்கே ஒன்றரை.

நாலில் நாலு பார்க்கவில்லை. காலையில் ஒரு மூட்டை கொட்டை உடைக்க வேண்டும்.