மறதிக்காரி என்று பெயர் வைக்குமுன்

ஆலங்காயம், வாணியம்பாடி, ஆம்பூர் என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்தில், வீட்டிலிருந்தே ஷூவுக்கு அப்பர் தைக்கும் பெண்களுக்கு ஜோடிக் கணக்கில்தான் கூலி. கை ஊசியில் இருக்கும்போதே, அடுப்பில் ஏற்றிய உலை, பிள்ளைக்கு வாங்க வேண்டிய மருந்து, நாளை கட்ட வேண்டிய குழுத் தவணை எல்லாம் மனதில் ஓடும். ஒன்று தவறினால் வீட்டில் உடனே ஒரு பட்டம்: மறதிக்காரி. இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்தால் இன்னொன்று: பதட்டக்காரி. நடந்த தவறைப் பற்றிய பேச்சு, ஒரு நொடியில் அவளுடைய சுபாவத்தைப் பற்றிய தீர்ப்பாகிவிடுகிறது.

ஒரு வேலையைச் செய்யும்போது அதற்கு வேண்டியவற்றை மனம் சற்று நேரம் ஏந்தி வைத்திருப்பதை உளவியலாளர்கள் செயல்நினைவு என்கிறார்கள். ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974இல் இதற்கு ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். அதில் இடம் மிகக் குறைவு. கவலையும் அந்த இடத்தையே எடுத்துக்கொள்கிறது. பதட்ட சுபாவம் உள்ளவர்களின் வேலை கெடுவதைவிட, அதே வேலைக்கு அவர்கள் செலவிடும் முயற்சிதான் கூடுகிறது என்று மைக்கேல் ஐசென்க் முதலானோர் 2007இல் எழுதினார்கள். தையல் சரியாகவே இருக்கும். அதற்கு அவள் கொடுத்த விலை யார் கண்ணிலும் படாது.

அப்படியானால் குறை சுபாவத்திலா, சுமையிலா? ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கமுள்ள திருவண்ணாமலை மாவட்டத்திலும் விழுப்புரத்திலும் 464 கரும்பு விவசாயிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் அதை 2013இல் வெளியிட்டார்கள். அது செயல்நினைவை நேராக அளக்கவில்லை. சிந்தனைத் திறனையும் கவனக் கட்டுப்பாட்டையும் சோதித்தது. அறுவடைக்கு முன், பணமுடையில் குறைவாகச் செய்த அதே ஆட்கள், அறுவடைக்குப் பின் மேலாகச் செய்தார்கள். ஆளும் சுபாவமும் அதேதான். நெருக்கடிதான் தளர்ந்திருந்தது.

விவசாயிக்கு அறுவடை என்று ஒன்று வருகிறது. குடும்பத்தின் ஞாபகங்களையெல்லாம் சுமப்பவளுக்கு எது அறுவடை?

சுபாவம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பதல்ல என் வாதம். சுமையை எண்ணாமல் சுபாவத்தைத் தீர்மானிப்பது அநீதி என்கிறேன். 'பாவம்' என்று இரக்கப்படுவதும் போதாது. இரக்கம் சுமையை அவள் தலையிலேயே விட்டுவைக்கிறது. நினைவில் வைத்திருப்பதும் ஒரு வேலை என்று ஒப்புக்கொண்டால் அதைப் பங்கு போடலாம். 'நீ சொல்லியிருந்தால் செய்திருப்பேனே' என்கிற ஆண், அந்த வேலையில் பாதியை அவளிடமே திருப்பித் தருகிறான். யாரும் சொல்லாமலே அவன் மருந்து வாங்கிவரட்டும், தவணைத் தேதியை அவனே நினைவில் வைத்திருக்கட்டும். அதன் பிறகும் அவள் மறக்கிறாளா என்று பார்த்துவிட்டுப் பெயர் வைக்கலாம்.