யாரும் சாகாத கொலை

ஷார்ஜாவில் பழைய சரக்கு விமானங்களின் கட்டமைப்பைச் சோதிப்பது என் வேலை. பயணிகளைச் சுமந்து ஓய்ந்த விமானத்தின் இடப்பக்கத்தை வெட்டிப் பெரிய கதவு வைப்பார்கள். தரைக்கடியில் இருக்கும் விட்டங்களுக்குப் பலம் கூட்டுவார்கள். இருக்கைகள் இருந்த இடத்தில் உருளைகள் வரும். பிறகு அதில் மீன் போகும், ஆடு போகும். உப்புநீரும் மூத்திரமும் கீழே கசிந்து அலுமினியத்தை ஏடு ஏடாக உரிக்கும். நான் சமணன், வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். ஆடு ஏறி இறங்கிய தரைக்கடியில் படுத்து டார்ச் அடிக்கும்போது மனசு கனக்கத்தான் செய்யும். ஆனால் என்னை விடாமல் துரத்திய கேள்வி வேறு.

பறக்கத் தகுந்தது என்று ஒருவன் சரியாகப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறான். விமானம் பத்திரமாக இறங்கிவிடுகிறது. அவன் செய்தது ஹிம்சையா?

ஒன்றும் ஆகவில்லையே, விடு என்பார்கள். பொன்னூர் மலையில் நாங்கள் பாதம் வணங்கும் குந்தகுந்தர் விடவில்லை. உயிர் போனதா இருந்ததா என்பதல்ல, கவனம் இருந்ததா என்பதே பிரவசன சாரம் என்ற நூலில் அவர் வைக்கும் அளவு. அசட்டையாக நடந்தவனுக்கு, எதுவும் சாகாவிட்டாலும், ஹிம்சை நிச்சயம். பார்த்து அடிவைத்தவன் காலில் பூச்சி மாட்டிச் செத்தாலும் அதனால் அவனுக்கு வினைக்கட்டு இல்லை. துறவிகளுக்குச் சொன்னது என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். ஹேங்கருக்கு அது அப்படியே பொருந்தும்.

ஏனென்றால் உலோகம் எதையும் மறப்பதில்லை. ஒவ்வொரு முறை ஏறும்போதும் உள்ளழுத்தத்தில் விமானத்தின் உடல் விம்மும், இறங்கும்போது தளரும். அந்த ஏற்ற இறக்கத்தில் ரிவெட் துளையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் பிறக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தாலும் அது ஆறாது. வினை வந்து சேர்வதை ஊற்று என்றும், அதை அடைப்பதைச் செறிப்பு என்றும், சேர்ந்ததைக் கழிப்பதை உதிர்ப்பு என்றும் எங்கள் நூல்கள் சொல்லும். விரிசலின் முனையில் சிறு துளை போட்டு அது ஓடாமல் நிறுத்துவோமே, அது செறிப்பு, அதுவும் கொஞ்ச காலத்துக்கு. உதிர்ப்பு மட்டும் உலோகத்துக்குக் கிடையாது. உயிருக்குத் தவம் இருக்கிறது, இறக்கையைத் தாங்கும் விட்டமான ஸ்பாருக்குப் புதுத் துண்டு மாற்றுவது ஒன்றே வழி. தானாக எதையும் கழிக்க முடியாத பொருளை நம்பி ஆட்களை மேலே அனுப்புகிறோம் என்றால், முழுக் கவனமும் நம்முடையதாக இருந்தாக வேண்டும்.

1977 மே 14. லண்டனிலிருந்து சரக்கோடு வந்த போயிங் 707, ஸாம்பியாவின் லுசாகாவில் இறங்கப்போகும் நேரத்தில் அதன் வலப்பக்க வால் இறக்கை பிய்ந்து விழுந்தது. ஆறு பேர் இறந்தார்கள். 1963இல் செய்த விமானம், 47,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தது. பின் ஸ்பாரின் மேல்விளிம்பில் களைப்பு விரிசல் நெடுநாளாக வளர்ந்திருக்கிறது. ஒன்று முறிந்தால் இன்னொன்று தாங்கும் என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. முறிந்ததை யாராவது கண்டுபிடித்தால்தானே அந்தக் கணக்கு நிற்கும்? அன்றைய சோதனை முறையில் அதைக் காண்பதே அரிது. சோதித்தவனைக் குந்தகுந்தர் விட்டுவிடுவார் என்றே நினைக்கிறேன். ஆனால் இந்த ரகத்துக்காக வால் இறக்கையின் மேல்தோலைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றியவர்கள், பழைய ரகம் தாங்கியது, இதுவும் தாங்கும் என்று இருந்துவிட்டார்கள். அந்த ‘இதுவும் தாங்கும்’ என்பதைத்தான் நான் அசட்டை என்கிறேன். விபத்துக்குப் பிறகு அதே வால் கொண்ட 521 விமானங்களைப் பார்த்தபோது சுமார் 7 சதவீதத்தில் விரிசல் இருந்தது. அவை முந்தின நாள்வரை ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தவைதான். அவற்றிலும் ஹிம்சை நடந்துகொண்டுதான் இருந்தது, சாவு மட்டும் இல்லை. விரிசல் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, அது எவ்வளவு வேகமாக வளரும், அதற்குள் எத்தனை முறை பார்க்க வேண்டும் என்று கணக்கிடச் சொல்லும் விதி அமெரிக்காவில் 1978இல் வந்தது.

“சரக்குதானே, பாசஞ்சர் இல்லையே” என்று சொல்லாத மேலாளரை நான் அதிகம் பார்த்ததில்லை. விமானிகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஒருமுறை கதவுச் சட்டத்தை ஒட்டி ஒரு ரிவெட் புகைந்திருந்தது. தளர்ந்த ரிவெட் உரசி உரசிக் கருந்தூள் கசியும், காற்று அதைப் பின்னோக்கி ஒரு கோடாக இழுத்துவிடும். துடைத்துவிட்டால் போச்சு, யாருக்கும் தெரியாது. துடைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மறுத்தேன். ரிவெட்டைக் கழற்றி, துளையில் விரிசலைக் காட்டும் எடி கரண்ட் ஆய்கோலை விட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். விரிசல் இல்லை. புது ரிவெட் அடித்து முடிப்பதற்குள் புறப்பாடு தவறிவிட்டது. ஒன்றுமில்லாததற்கு ஒரு டிரிப்பைக் கெடுத்தாய் என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் கத்தினார். ஒன்றுமில்லை என்று பார்த்துத் தெரிந்துகொண்டேன் ஐயா என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.